சியோல்கோவ்ஸ்கி: நிலவின் மறுபக்கத்தில் ஒரு கரிய தரை

நிலவின் மறுபக்கத்தில், தென் அகலக்கோடு 20 டிகிரியும் கிழக்கு நெடுங்கோடு 129 டிகிரியும் சந்திக்கும் இடத்தை ஒட்டி, இரண்டு பெரும் மோதுபள்ளங்கள் தோளோடு தோள் உரசிக் கிடக்கின்றன. மேற்கே இருப்பது ஃபெர்மி. அது வயதில் மூத்தது. விளிம்பு தேய்ந்து, தரை முழுக்கச் சிறு பள்ளங்களால் கொத்தப்பட்டிருக்கிறது. அதன் கிழக்கு ஓரத்தை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சியோல்கோவ்ஸ்கி. இதன் குறுக்களவு ஏறத்தாழ 185 கிலோமீட்டர். ஃபெர்மியின் தரை சுற்றியுள்ள மேட்டுநிலத்தைப் போலவே வெளிறிக் கிடக்கிறது. சியோல்கோவ்ஸ்கியின் தரையோ உறைந்த பசால்ட் குழம்பால் மூடிக் கன்னங்கரேல் என்றிருக்கிறது. அந்தக் கருமையின் நடுவே வெள்ளை மலை ஒன்று 3 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பள்ளங்களில் ஒன்றுக்குள் மட்டும் எரிமலைக் குழம்பு ஏறி வந்தது ஏன்? நிலவியல் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் துரத்திவரும் ஒரு பெரிய கேள்வியின் சிறிய வடிவம் இது.

அந்தப் பெரிய கேள்வி எல்லோரும் அறிந்ததுதான். பூமியை நோக்கிய பக்கத்தில் சுமார் 31 விழுக்காடு நிலப்பரப்பைக் கருநிற பசால்ட் சமவெளிகள் மூடியிருக்கின்றன. தொலைநோக்கி வந்த புதிதில் இவற்றைக் கடல்கள் என்று நினைத்துப் பெயர் வைத்தார்கள், பெயர் நிலைத்துவிட்டது. மறுபக்கத்தில் இந்தக் கடல்கள் 2 விழுக்காடு அளவுக்குத்தான் உண்டு. ஒரே நிலவின் இரு முகங்கள் இவ்வளவு வேறுபடுவதற்கு மேலோட்டின் தடிமன்தான் காரணம் என்று பாடநூல்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. மறுபக்கத்தின் மேலோடு தடித்தது, ஆகவே குழம்பு மேலே வரவில்லை என்பது அந்த விளக்கம். அதில் உண்மை உண்டு, ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேட சியோல்கோவ்ஸ்கியைப் போல் உதவும் இடம் மறுபக்கத்தில் அதிகமில்லை.

இந்தப் பள்ளம் முதலில் படத்தில் பதிந்தது 1959 அக்டோபர் 7 அன்று. மூன்று நாள் முன்னதாகச் சோவியத் ஒன்றியம் ஏவிய லூனா-3 நிலவைச் சுற்றிக்கொண்டு போய், சுமார் 65,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து 29 படங்கள் எடுத்தது. அக்காலத்தில் எண்முறைக் கேமரா இல்லை. கலத்துக்குள்ளேயே ஃபிலிமைக் கழுவி, உலர்த்தி, ஒளிக்கற்றையால் வருடி, வானொலி அலையாக மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது. விண்வெளிக் கதிர்வீச்சைத் தாங்கும் ஃபிலிம் சோவியத் கையில் இல்லை. தம் வான்பரப்புக்குள் மிதந்து வந்து விழுந்த அமெரிக்க உளவுப் பலூன்களிலிருந்து எடுத்த ஃபிலிமையே அவர்கள் பயன்படுத்தினார்கள். வந்து சேர்ந்த படங்கள் மங்கலானவை, இரைச்சல் நிறைந்தவை. அவற்றிலும் தெளிவாகத் தெரிந்தது ஒரு கரும்புள்ளியும் அதன் நடுவில் ஒரு வெண்புள்ளியும். ராக்கெட் சமன்பாட்டை 1903இல் வெளியிட்ட கலூகா நகரத்துப் பள்ளி ஆசிரியர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

அதே படங்களில் நீண்ட மலைத்தொடர் ஒன்று தெரிவதாகவும் சோவியத் ஆய்வாளர்கள் எண்ணி, அதற்குச் ‘சோவியத் மலைகள்’ என்று பெயரிட்டார்கள். பின்னால் வந்த தெளிவான படங்களில் அங்கே மலையே இல்லை. இளம் பள்ளங்களிலிருந்து சிதறிய வெளிர்நிறக் கதிர்க்கோடுகள்தான் மலைபோல் தோற்றம் காட்டியிருந்தன. அந்தப் பெயர் வரைபடத்திலிருந்து நீங்கியது. சியோல்கோவ்ஸ்கி மட்டும் ஒவ்வொரு புதிய படத்திலும் இன்னும் உறுதியாகத் துலங்கி வந்தது. 1967 பிப்ரவரியில் லூனார் ஆர்பிட்டர்-3 சாய்கோணத்தில் எடுத்த படத்தில் நடுச்சிகரமும் விளிம்பும் முழு உருவில் கிடைத்தன. பிறகு அப்பல்லோ விண்வெளி வீரர்கள் அதன் மேலாகப் பறந்து படமெடுத்தார்கள். அப்பல்லோ-15 சுற்றுக்கலத்தின் வரைபடக் கேமராக்கள் தந்த படங்கள் இன்றைக்கும் பயன்படுகின்றன.

இந்தப் பள்ளத்தின் மேல் உண்மையான ஆசை வைத்தவர் ஹாரிசன் ஷ்மிட். நிலவில் கால்வைத்த ஒரே தொழில்முறை நிலவியலர் அவர். அப்பல்லோ-17 சியோல்கோவ்ஸ்கியில் இறங்க வேண்டும் என்று வாதாடினார். பூமியோடு பேச நேர்க்கோட்டு வழி இல்லை என்பதே முதல் தடை. நிலவின் பின்னால் அஞ்சல் செயற்கைக்கோள்களை நிறுத்தினால் போதும் என்று அதற்குத் தீர்வும் சொன்னார். செலவையும் ஆபத்தையும் காரணம் காட்டி நாசா ஏற்கவில்லை. 1972 டிசம்பரில் அவர் இறங்கியது பூமிப் பக்கத்திலுள்ள டாரஸ்–லிட்ரோ பள்ளத்தாக்கில். ஷ்மிட் கேட்டது வீண்பிடிவாதம் அல்ல. மேலோட்டின் ஆழத்துப் பாறையும் அதற்கும் கீழிருந்து வந்த எரிமலைப் பாறையும் கைக்கெட்டும் தூரத்தில் அருகருகே கிடக்கும் இடம் அது. அப்பல்லோ ஆறு முறை இறங்கியும் மறுபக்கத்துப் பாறை ஒன்றைக்கூடக் கொண்டுவரவில்லை. நிலவைப் பற்றிய நம் பெரும்பாலான முடிவுகள் ஒரு பக்கத்துச் சாட்சியை மட்டும் வைத்து எழுதிய தீர்ப்பாக அரை நூற்றாண்டு நீடித்தன.

பள்ளம் உருவான விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வினாடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு சிறுகோள் தரையில் மோதும்போது அது குடைவதில்லை, வெடிக்கிறது. அதிர்வலை பாறைக்குள் அரைக்கோளமாகப் பரவி, பாறையை நசுக்கி, உருக்கி, ஒரு பகுதியை ஆவியாக்கி, மற்றதை வெளியே வீசுகிறது. கிண்ணம் போன்ற ஒரு பள்ளம் கணப்பொழுதில் திறக்கிறது. நிலவில் பதினைந்து இருபது கிலோமீட்டருக்குக் குறைந்த குறுக்களவு என்றால் அந்தக் கிண்ணம் அப்படியே நின்றுவிடும். சியோல்கோவ்ஸ்கி அளவுக்குப் பெரிதானால் நிற்காது. நசுங்கிப்போன பாறை சில நிமிடங்களுக்குத் திரவம்போல் நடந்துகொள்கிறது. அமுக்கப்பட்ட அடித்தளம் மேலெழுந்து நடுச்சிகரமாகிறது. செங்குத்தான சுவர்கள் அடுக்கடுக்காகச் சரிந்து படிக்கட்டுகளாகின்றன. நடுவில் மலை, சுற்றித் தட்டையான தரை, அதைச் சூழ்ந்து படிக்கட்டுச் சுவர் என்று சியோல்கோவ்ஸ்கியில் காணும் அமைப்பு முழுவதும், மோதல் நடந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்ட வேலை. இன்னும் பெரிய மோதல்களில் சிகரம் நின்று நிலைக்க முடியாமல் பரந்து, வளையமாக உறைந்துவிடும்; அதற்கும் மறுபக்கத்தில் எடுத்துக்காட்டுகள் உண்டு.

ஆகவே நடுச்சிகரம் என்பது ஆழத்திலிருந்து தூக்கி நிறுத்தப்பட்ட பாறை. இந்த அளவுள்ள பள்ளத்தில் சிகரத்துப் பாறை பத்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து வந்திருக்க வேண்டும். நிலவில் யாரும் அவ்வளவு ஆழத்துக்குத் துளையிடப் போவதில்லை. அப்பல்லோ-17இல் துளைத்த ஆழமே சுமார் 3 மீட்டர்தான். ஆழத்து மாதிரியை நமக்காக மேலே கொண்டுவந்து வைத்தது அந்த மோதல்தான்.

அந்தச் சிகரம் எதனால் ஆனது? 1994இல் நிலவைச் சுற்றிய கிளமென்டைன் கலத்தின் படங்களை வைத்து இதை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்கள் கார்லே பீட்டர்ஸ், ஸ்டெஃபனி டாம்ப்கின்ஸ் ஆகியோர். 2007இல் ஜப்பான் அனுப்பிய ககுயாவின் நிறமாலைமானி இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. கிடைத்த விடை, பெரும்பகுதி பிளேஜியோகிளேஸ் என்ற ஃபெல்ஸ்பார் கனிமம். சில இடங்களில் ஒலிவின் கலப்பு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிளேஜியோகிளேஸ் வெளிர்நிறக் கனிமம். ஒளியில் தன் அடையாளத்தை எளிதில் காட்டாது. அதற்குள் துளியளவு இருக்கும் இரும்புதான் 1.25 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி ஒரு மெல்லிய உறிஞ்சலைத் தருகிறது. கனிமம் கடுமையான அதிர்ச்சிக்கு உட்பட்டால் அதன் படிக ஒழுங்கு குலைந்து அந்த உறிஞ்சல் மறைந்துவிடும். மற்ற இருண்ட கனிமங்கள் சில விழுக்காடு கலந்தாலும் அமுங்கிவிடும். அந்த மெல்லிய குறி சியோல்கோவ்ஸ்கியின் சிகரத்தில் கிடைத்தது. படிகம் குலையாத, பெரும்பாலும் தூய பிளேஜியோகிளேஸ் பாறை அங்கே வெளியே தெரிகிறது என்பதே இதன் பொருள்.

அனார்த்தொசைட் எனப்படும் இந்தப் பாறைதான் நிலவின் ஆதி மேலோடு. அப்பல்லோ-11 கொண்டுவந்த மண்ணில் சில வெண்துகள்களைக் கண்டு ஜான் வுட் முதலானோர் 1970இல் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார்கள்: நிலவு பிறந்தபோது அதன் மேற்பகுதி பல நூறு கிலோமீட்டர் ஆழத்துக்குப் பாறைக்குழம்புக் கடலாக இருந்தது. குழம்பு ஆறும்போது ஒலிவின், பைராக்சின் போன்ற கனமான கனிமங்கள் அடியில் தங்கின. இலேசான பிளேஜியோகிளேஸ், காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவதுபோல் மேலே மிதந்து திரண்டது. அந்த ஆடைதான் நிலவின் வெண்ணிற மேட்டுநிலம். சியோல்கோவ்ஸ்கியின் சிகரம் அந்த ஆடையின் உட்புறத்தை வெட்டிக் காட்டுகிறது. அதில் ஆங்காங்கே ஒலிவினும் தென்படுவதால், மேலோடு ஒரே சீராகத் திரண்டது அல்ல, அதற்குள் பிற்காலத்தில் வேறு குழம்புகளும் புகுந்து உறைந்தன என்று கருத இடமிருக்கிறது.

இந்தப் பாறை தமிழ்நாட்டுக்கும் அந்நியம் அல்ல. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் அனார்த்தொசைட் தரைக்கு மேலேயே கிடக்கிறது. நிலவுக் கலன்களையும் ஊர்தியையும் சோதிக்க மேட்டுநில மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ அந்தப் பாறையை எடுத்து அரைத்துச் சலித்துத்தான் செயற்கை நிலவு மண்ணைத் தயாரித்தது. அந்த முறைக்குக் காப்புரிமையும் பெற்றது. பூமியின் அனார்த்தொசைட்டும் நிலவின் அனார்த்தொசைட்டும் உருவான கதை வேறு. சித்தம்பூண்டிப் பாறை நிலத்தடியில் தேங்கிய குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உண்டானது, நிலவின் பாறை ஒரு கோளளவான கடலில் மிதந்து திரண்டது. ஆனாலும் இரண்டிலும் சுண்ணம் மிகுந்த பிளேஜியோகிளேஸ்தான் பெரும்பங்கு. சியோல்கோவ்ஸ்கி சிகரத்தின் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்பவர் சித்தம்பூண்டியில் ஒரு வெண்சாம்பல் கல்லைப் பொறுக்கிப் பார்க்கலாம். என் அறிவுக்கு எட்டியவரை, மறுபக்கத்து நிலவியலை ஒரு தமிழ் மாணவருக்குக் கற்பிக்கத் தொடங்க அதைவிட நல்ல இடம் இல்லை.

இனி அந்தக் கரிய தரை. மோதலில் உருகிய பாறை முதலில் பள்ளத்தின் அடியில் தேங்கி உறைந்தது. அதற்குப் பிறகே, நிலவின் மேலோட்டுக்குக் கீழுள்ள கவசத்துக்குள் பகுதி உருகி உண்டான பசால்ட் குழம்பு விரிசல்கள் வழியாக ஏறிவந்து பரவியது. அது பள்ளத்தை நிரப்பிவிடவில்லை. சிகரத்தைச் சுற்றித் தாழ்ந்த இடங்களில் பரவி, ஓரிடத்தில் பழைய மேடுபள்ளத் தரையை மூடாமலே விட்டு, உறைந்துபோனது. வயதை அறியப் பள்ளங்களை எண்ணுவதுதான் வழி: ஒரு தரை எவ்வளவு காலம் திறந்து கிடக்கிறதோ அவ்வளவு சிறு பள்ளங்கள் அதன்மேல் சேரும். அப்பல்லோ பாறைகளின் கதிரியக்க வயதோடு ஒப்பிட்டு அந்த எண்ணிக்கையை ஆண்டாக மாற்றலாம். அப்படிச் செய்த கணக்குகள் இந்தத் தரைக்கு 320 கோடி முதல் 380 கோடி ஆண்டு வரை வயது தருகின்றன. இடைவெளி பெரிது. எண்ணுவோர் தேர்ந்தெடுக்கும் பகுதி, தொலைவிலிருந்து தெறித்து விழுந்த கற்கள் உண்டாக்கிய போலிப் பள்ளங்கள் எல்லாம் கணக்கைக் குழப்புகின்றன. நிலவின் வரலாற்றில் பிற்பகுதி இம்பிரியன் எனப்படும் காலத்தில் பள்ளமும் பசால்ட்டும் உண்டாயின என்பதில் பொதுவான உடன்பாடு இருக்கிறது. பூமிப் பக்கத்துக் கடல்கள் பெருவாரியாக நிரம்பிய காலமும் அதுவே.

எனவே மறுபக்கத்தின் அடியிலும் அப்போது குழம்பு இருந்தது. அது ஏன் இங்கே மேலே வந்தது, ஏன் வேறெங்கும் அதிகம் வரவில்லை? பசால்ட் குழம்பு அனார்த்தொசைட் மேலோட்டைவிடக் கனமானது. கனமான திரவம் இலேசான பாறைக்குள் தானாக மிதந்து ஏறாது. அடியில் உண்டாகும் அழுத்தம் அதைத் தள்ள வேண்டும். அந்த அழுத்தத்துக்கு ஓர் உயர எல்லை உண்டு. மேலோடு தடித்து, தரையும் உயர்ந்திருக்கும் இடத்தில் குழம்பு பாதி வழியிலேயே, நிலத்தடிச் சுவர்போல், உறைந்துவிடும். பெரிய பள்ளம் ஒன்று அந்தத் தரையைச் சில கிலோமீட்டர் தாழ்த்தி, இலேசான பாறையை அள்ளி எறிந்து, அடியை நொறுக்கி விரிசலிட்டால், முன்பு வர முடியாத குழம்புக்கு வழி கிடைக்கும். நாசாவின் கிரெயில் இரட்டைக் கலன்கள் 2012இல் நிலவின் ஈர்ப்பை அளந்து மேலோட்டின் தடிமனை வரைந்தன. சராசரி 34 முதல் 43 கிலோமீட்டர். மறுபக்க மேட்டுநிலத்தில் அது 60 கிலோமீட்டரைத் தொடுகிறது. மறுபக்கத்தின் பெரிய கடலான மாஸ்கோ கடலுக்கு அடியிலோ மேலோடு ஏறக்குறைய இல்லை என்று சொல்லும் அளவுக்கு மெலிந்திருக்கிறது. இதுவரை பாடநூல் விளக்கம் பொருந்துகிறது.

பொருந்தாத இடம் தென்துருவ–எய்ட்கென் படுகை. நிலவின் மறுபக்கத் தென்பாதியில் 2,500 கிலோமீட்டர் அகலத்துக்குக் கிடக்கும் அந்தப் பெரும் பள்ளம், நிலவின் மிகப் பழைய, மிகப் பெரிய மோதல் வடு. அதற்குள் மேலோடு மெல்லியது, தரை மிகத் தாழ்ந்தது. தடிமன் மட்டுமே காரணம் என்றால் நிலவின் மிகப் பெரிய பசால்ட் கடல் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். இருப்பதோ அங்கொன்றும் இங்கொன்றுமான திட்டுகள். இந்த ஒரு முரணே பாடநூலின் ஒற்றை வரியைத் திருத்தப் போதுமானது என்று கருதுகிறேன். மெல்லிய மேலோடு கதவைத் திறந்து வைக்கலாம். வருவதற்குக் குழம்பு இருந்தால்தானே வரும்.

குழம்பு உண்டாக வெப்பம் வேண்டும். 1998இல் லூனார் பிராஸ்பெக்டர் தோரியத்தின் பரவலை வரைந்தபோது, வெப்பம் தரும் கதிரியக்கத் தனிமங்கள் பூமிப் பக்கத்தின் வடமேற்கில், புயற்கடல் என்ற பசால்ட் சமவெளியைச் சுற்றியே திரண்டிருப்பது தெரிந்தது. பாறைக்குழம்புக் கடல் உறைந்ததில் கடைசியாக மிஞ்சிய எச்சத்தில் பொட்டாசியம், அருமண் தனிமங்கள், பாஸ்பரஸ், யுரேனியம், தோரியம் எல்லாம் செறிந்திருக்கும். அந்த எச்சம் ஒரு பக்கமாகவே ஏன் குவிந்தது, இரு பக்கங்களும் ஏன் இப்படி வேறுபட்டன என்பதற்குப் பல கருதுகோள்கள் உண்டு. ஒரு காலத்தில் இருந்த இரண்டாம் சிறுநிலவு மெதுவாக மோதி மறுபக்கத்தில் அப்பிக்கொண்டது என்றனர் ஜுட்ஸியும் ஆஸ்ஃபாகும், 2011இல். புதிதாய்ப் பிறந்து தகித்த பூமியின் ஒளி ஒரு பக்கத்தை மட்டும் சூடாக வைத்திருந்தது என்றது 2014இல் வந்த இன்னொரு விளக்கம். தென்துருவ–எய்ட்கென் மோதலின் வெப்பமே கவசத்தைக் கலக்கி அந்த எச்சத்தை எதிர்ப்பக்கம் தள்ளியது என்று 2022இல் கணினி உருவகங்கள் காட்டின. மூன்றும் ஆர்வமூட்டுபவை. மூன்றையும் சோதிக்கத் தேவைப்பட்டது மறுபக்கத்துக் கல்.

அந்தக் கல் கிடைத்துவிட்டது. சீனாவின் சாங்கே-4 2019 ஜனவரி 3 அன்று எய்ட்கென் படுகைக்குள் ஃபான் கார்மான் பள்ளத்தில் இறங்கியது. மறுபக்கத்தில் நடந்த முதல் மென்தரையிறக்கம் அது. அதன் யூட்டு-2 ஊர்தி ரேடார் மூலம் 40 மீட்டர் ஆழம் வரை தரையை ஊடுருவிப் பார்த்து, மெல்லிய தூளுக்கு அடியில் பல பள்ளங்களின் வீசுபொருள் அடுக்கடுக்காகக் கிடப்பதைக் காட்டியது. 2024 ஜூனில் சாங்கே-6 அதே படுகையின் அப்பல்லோ பள்ளப் பகுதியில் இறங்கி 1,935.3 கிராம் மண்ணும் கல்லும் அள்ளிவந்தது. அதிலிருந்த பசால்ட்டின் வயது சுமார் 280 கோடி ஆண்டு. ஒரு துணுக்கு மட்டும் 420 கோடி ஆண்டுப் பழமை. ஆக, மறுபக்கத்தில் எரிமலைச் செயல் குறைந்தது 140 கோடி ஆண்டு விட்டுவிட்டு நடந்திருக்கிறது. அந்த பசால்ட் வெப்பம் தரும் எச்சம் ஏறக்குறைய இல்லாத, வறண்ட கவசத்திலிருந்து வந்தது. அந்தக் கவசம் பூமிப் பக்கத்தைவிடச் சுமார் 100 டிகிரி குளிர்ந்திருந்தது என்றும் 2025இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

இதை வைத்து ‘வெப்பத் தனிமங்கள் இல்லாததே காரணம்’ என்று முடித்துவிடலாம் என்று தோன்றும். 2020 டிசம்பரில் சாங்கே-5 பூமிப் பக்கத்தில், தோரியம் செறிந்த பகுதியிலேயே எடுத்துவந்த பசால்ட் அதற்கு இடம் தரவில்லை. 200 கோடி ஆண்டு வயதுடைய, மிக இளைய அந்தப் பாறையின் மூலக் கவசத்திலும் அந்த எச்சம் மிகக் குறைவு. வெப்பத் தனிமங்கள் குழம்பின் மூலத்திலேயே கலந்திருக்க வேண்டியதில்லை. மேலோட்டில் போர்வையாக இருந்து கவசத்தின் சூட்டைத் தக்கவைத்திருக்கலாம், அல்லது உருகுநிலை குறைந்த வேறு கனிமக் கலவை காரணமாகியிருக்கலாம். கேள்வி இன்னும் மூடவில்லை.

சியோல்கோவ்ஸ்கியும் ஃபெர்மியும் இந்த விவாதத்துக்குள் வருவது இங்கேதான். எய்ட்கென் படுகை மேலோடு மெலிந்தும் குழம்பு குறைந்த இடம். சியோல்கோவ்ஸ்கி மேட்டுநிலத்து நடுவில் இருந்தும் குழம்பு வந்த இடம். இரண்டையும் ஒரே விளக்கம் தாங்க வேண்டும். என் கணிப்பில் மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்தால்தான் அது முடியும்: அடியில் உருகத்தக்க கவசம், மேலே தாழ்ந்த தரை, அந்தத் தாழ்வு உண்டான காலம். சியோல்கோவ்ஸ்கிக்கு அடியில், மறுபக்கத்தின் சராசரியைவிடச் சற்றே செழிப்பான குழம்பு மூலம் இருந்திருக்க வேண்டும். அங்கே முற்காலத்து அழிந்துபோன படுகை ஒன்று மேலோட்டை முன்பே மெலியச் செய்திருக்கலாம் என்ற கருத்தும் சொல்லப்பட்டதுண்டு. ஈர்ப்பு வரைபடங்கள் அதை உறுதிப்படுத்தவில்லை. காலம் என்ற காரணத்தைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஃபெர்மி மிக முன்னால் தோன்றியது. குழம்பு மேலெழுந்த காலத்துக்குள் அதன் தரையில் நூறு மோதல்களின் இடிபாடுகள் நிரம்பி மேடேறிவிட்டன, விரிசல்கள் அடைபட்டன. சியோல்கோவ்ஸ்கி குழம்பு வரத்து உச்சத்தில் இருந்த காலத்திலேயே, புதிதாக, ஆழமாகத் திறந்தது. நல்ல இடத்தில் மட்டுமல்ல, நல்ல நேரத்திலும் விழுந்த பள்ளம் அது. ஃபெர்மியிலும் பழைய பசால்ட் சிறிது பரவி, பிற்பாடு சியோல்கோவ்ஸ்கி வீசிய பொருளுக்கு அடியில் புதைந்திருக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. இப்படிப் புதைந்த கடல்களை நிலவின் இரு பக்கங்களிலும் கண்டிருக்கிறார்கள். பிற்காலச் சிறு பள்ளங்கள் வெளிர் மண்ணைத் துளைத்து அடியிலிருந்த கரிய பசால்ட்டை ஒளிவட்டம்போல் சுற்றிலும் வீசியிருப்பதே அதற்கு அடையாளம்.

இரு பள்ளங்களும் சந்திக்கும் ஓரத்தில் இன்னொரு அபூர்வம் இருக்கிறது. சியோல்கோவ்ஸ்கியின் மேற்கு, வடமேற்கு விளிம்பிலிருந்து பெரும் நிலச்சரிவு ஒன்று ஃபெர்மியின் தரைமீது ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடிப் பரந்து நிற்கிறது. அதன் மேற்பரப்பு முழுக்க ஓடிய திசையில் நீண்ட வரப்புகள். கெஸ்ட், மரே இருவரும் 1969இல் இதை நிலச்சரிவு என்று எடுத்துக்காட்டினார்கள். நிலவில் இவ்வளவு தொலைவு ஓடிய சரிவு என்று சொல்லத்தக்கது இது ஒன்றே. சாதாரணமாக ஒரு சரிவு தான் விழுந்த உயரத்தைப்போல் ஒன்றிரண்டு மடங்கு தொலைவில் நின்றுவிடும். பல மடங்கு ஓடுபவை பூமியிலும் செவ்வாயிலும் உண்டு, அவற்றுக்குக் காரணம் சொல்லத்தான் சிரமம். 1964 நிலநடுக்கத்தில் அலாஸ்காவின் ஷெர்மன் பனியாற்றின்மேல் பாய்ந்த சரிவை ஆராய்ந்த ரொனால்டு ஷ்ரீவ், அடியில் சிக்கிய காற்று மெத்தையாகி இடிபாடுகளைச் சுமந்து சென்றது என்றார். நிலவில் காற்று இல்லை, ஈரம் இல்லை, பனியாறும் இல்லை. ஆனாலும் சியோல்கோவ்ஸ்கியின் சரிவு ஓடியிருக்கிறது, அலாஸ்காவில் கண்ட அதே நீள வரப்புகளுடன். காற்று மெத்தை தேவையில்லாமலே இப்படி ஓட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. துகள்கள் ஒன்றோடொன்று மோதி அதிரும்போது முழுத் திரளின் உராய்வே குறைகிறது என்ற விளக்கம் இதனால் வலுப்பெறுகிறது. விளிம்பு சரிந்தது பள்ளம் தோன்றிய காலத்தை ஒட்டியே என்பது இப்போதைய கருத்து. ஃபெர்மியின் தாழ்ந்த தரைக்கு மேல் ஆதாரமின்றி உயர்ந்து நின்ற விளிம்பு அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

2009இல் ஏவப்பட்ட நாசாவின் நிலவுச் சுற்றுக்கலமான எல்ஆர்ஓவின் டிவைனர் கருவி ஒரு புதிரையும் சேர்த்தது. நிலவின் இரவில் மண்தூள் சீக்கிரம் குளிர்ந்துவிடும், பெரும் கற்கள் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அந்த வேறுபாட்டை அளந்தால் எங்கே எவ்வளவு கற்கள் கிடக்கின்றன என்று தெரியும். மேற்பரப்பில் கிடக்கும் கல் நுண்மோதல்களாலும் வெப்பதட்பத்தாலும் நூறு கோடி ஆண்டுக்குள் தூளாகிவிடும் என்பது பொது அனுபவம். முந்நூறு கோடி ஆண்டைத் தாண்டிய சியோல்கோவ்ஸ்கியிலோ, அதன் சுற்றுப்புறத்திலும் கற்கள் மிகுந்து கிடக்கின்றன. ஆண்டுக்கணக்கு தவறு என்று எண்ணத் தேவையில்லை. மோதலில் உருகிய பாறை இங்கே வழக்கத்தைவிடத் தடிப்பாகத் தேங்கி, கடினமான ஒரே பாளமாக உறைந்திருக்கிறது. சிறு மோதல்கள் தூளுக்கு அடியிலிருந்து புதிய கற்களை இன்றும் பெயர்த்துப் போட்டுக்கொண்டிருக்கின்றன என்பதே ஏற்கத்தக்க விளக்கம். வீசுபொருள் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவாததால், சிறுகோள் சாய்வாக வந்து மோதியிருக்கும் என்றும் ஊகிக்கிறார்கள்.

ஷ்மிட்டைத் தடுத்த முதல் தடை இப்போது இல்லை. சீனாவின் சுவேசியாவ், சுவேசியாவ்-2 அஞ்சல் கலன்கள் மறுபக்கத்தோடு பேசும் வழியை நடைமுறையாக்கிவிட்டன. பூமியின் வானொலி இரைச்சல் எட்டாத சமதளம் என்பதால் வானொலி வானியலாளர்களும் சியோல்கோவ்ஸ்கியின் தரைமீது கண்வைத்திருக்கிறார்கள். நிலவியலுக்கு வேண்டியது அதைவிட எளிய பயணம்: சிகரத்தின் அடிவாரத்தில், பசால்ட் தரை அதைத் தொடும் ஓரத்தில் ஒரு கலம். சிகரத்தின் சரிவுகளிலிருந்து பெரும் பாறைகள் உருண்டு கீழே வந்து நிற்பதையும், அவை உருண்ட தடங்களையும் எல்ஆர்ஓ படங்களில் காணலாம். மலை ஏற வேண்டியதில்லை. சில கிலோமீட்டர் நகரும் ஊர்தி போதும். காலடியில் பசால்ட், எதிரில் உருண்டு வந்த அனார்த்தொசைட், இரண்டுக்கும் இடையில் மோதலின் உருகுபாறை. உருகுபாறையின் கதிரியக்க வயது பள்ளம் தோன்றிய நாளைச் சொல்லும். பசால்ட்டின் வயது குழம்பு வந்த நாளைச் சொல்லும். இரண்டின் இடைவெளி, காலம் எவ்வளவு பெரிய காரணம் என்ற என் ஊகத்தை நிலைநிறுத்தும் அல்லது வீழ்த்தும். பசால்ட்டில் தோரியம் எவ்வளவு என்பதை வைத்து, எய்ட்கென் படுகைக்கு வெளியே மறுபக்கக் கவசம் எத்தகையது என்று முதன்முறையாகத் தெரியவரும். சாங்கே-6 கொண்டுவந்த கல் ஒரு பெரும் மோதலால் கலங்கிய கவசத்தின் கல். மறுபக்கத்தின் மற்ற பகுதிக்கு அது பொருந்துமா என்று பார்க்க, மேட்டுநிலத்து நடுவிலிருந்து இரண்டாவது கல் வேண்டும்.